பழைய ரோட்டரி எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோட்டரி எஞ்சின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் எவை? அவற்றில் எது புதுப்பிக்கும் வேலைக்கு ஏற்றது?

ரோட்டரி எஞ்சினுடன் விற்பனைக்கு வந்த முதல் கார், ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் 1964இல் வெளியிட்ட ஸ்பைடர். ஃபெலிக்ஸ் வாங்கெல் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எஞ்சின் அதில் இருந்தது. 1967இல் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் இரண்டு ரோட்டர் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது. இவ்விரண்டும் இன்று சேகரிப்பாளர்களின் கையில் இருக்கின்றன. காஸ்மோ ஸ்போர்ட் 1972 வரையிலுமே 1,200க்கும் குறைவாகத்தான் தயாரானது. ஒரு கதவுக் கைப்பிடி தொலைந்தால்கூட மாற்று கிடைக்காத கார்களை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்வது நல்லதல்ல.

நடைமுறையில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பெரும்பாலோர் மஸ்டா ஆர்எக்ஸ்-7ஐத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறைகளாக எட்டு லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. ஆர்வலர்கள் அத்தலைமுறைகளை எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று அழைக்கிறார்கள். அதன் பின் 2003இலிருந்து 2012 வரை வந்தது ஆர்எக்ஸ்-8. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் கார்களை வைத்தே எழுதப்பட்டவை.

வாங்குவதற்கு முன் முதலில் முடிவுசெய்ய வேண்டியது என்ன?

எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டு மொத்தச் செலவைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்த பிறகும் கார் வாங்கத் தகுந்ததாகத் தோன்றினால் மட்டுமே பேரத்தில் இறங்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எஞ்சின் ஓடுகிறது என்ற மகிழ்ச்சியில் துருப்பிடித்த உடலையும் பாதி காணாமல்போன உள்பாகங்களையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். ரோட்டரி எஞ்சினைப் புதுப்பிக்க ஆகும் செலவு பெரிதுதான். ஆனால் அதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட முடியும். துருப்பிடித்த உடலுக்கு ஆகும் செலவை, பெயின்ட்டைச் சுரண்டி உள்ளே பார்க்கும் வரை யாராலும் சொல்ல முடியாது.

பிஸ்டன் எஞ்சினில் அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு இது எவ்வளவு புதிது?

பாகங்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால் பழக்கம் முற்றிலும் வேறு. இதில் பிஸ்டன், கனெக்டிங் ராடு, வால்வு, கேம் ஷாஃப்ட் எதுவும் கிடையாது. இடுப்பு சற்று ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற ஹவுசிங்கினுள் மூன்று முகங்கள் கொண்ட ரோட்டர் சுழல்கிறது. ரோட்டர் ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் நடுவிலிருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (பிஸ்டன் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு இணையான தண்டு) மூன்று முறை சுற்றிவிடுகிறது. ஆகவே ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை எரிப்பு விசையைத் தருகிறது. ஆர்எக்ஸ்-7இல் வந்த 12ஏ எஞ்சினின் கொள்ளளவு 1,146 சி.சி., 13பி எஞ்சினுடையது 1,308 சி.சி.; சிறிதாகத் தோன்றும் இந்த எண்களிலிருந்து அவ்வளவு சக்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்குபவர் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது சீல்களைப் பற்றித்தான். ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல், பக்கவாட்டில் சைடு சீல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கார்னர் சீல் என்று இவை எல்லாம் சேர்ந்துதான் கம்ப்ரஷனை, அதாவது எரிப்பறையில் காற்று அழுந்தும் அழுத்தத்தைக் காக்கின்றன. அபெக்ஸ் சீல் உரசிச் செல்லும் குரோம் பூசிய பரப்பில் கீறல் விழுந்தாலோ பூச்சு உரிந்தாலோ, சிலிண்டரைப் போலக் கடைந்து, அதற்கேற்ற பெரிய அளவு (ஓவர்சைஸ்) பாகம் போடும் வழி இதில் இல்லை. வேறு ஹவுசிங் தேட வேண்டியதுதான். அறுபதுகளில் கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான மஸ்டா குழுவைப் பாடாய்ப் படுத்தியதும் இந்தப் பரப்புதான்: சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து ஹவுசிங்கில் அலை அலையாய் விட்ட தடங்களைப் பிசாசின் நகக்கீறல்கள் என்றே அவர்கள் குறிப்பிட்டார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்களைப் பயன்படுத்திய பிறகுதான் காஸ்மோ சாலைக்கு வர முடிந்தது.

“எஞ்சின் அருமையாக ஓடுகிறது” என்று விற்பவர் சொல்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

குளிர்ந்த எஞ்சினில் சாவியைத் திருப்பி ஓடவைத்துக் காட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. தேய்ந்த ரோட்டரி எஞ்சின்கூடக் குளிர்ந்த நிலையில் உடனே பிடித்துக்கொள்ளும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் வரை ஓட்டிவிட்டு, நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். சூட்டில் நீண்ட நேரம் செல்ஃப் எடுத்துக்கொண்டே இருந்து தயங்கித் தயங்கிப் பிடித்தால் கம்ப்ரஷன் குறைந்துவிட்டது என்றே பொருள். நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், அது ஆறும் வரை காத்திருந்து குளிர்ந்த நிலையிலும் சோதியுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் தெரியும் கோளாறு ஒன்று உண்டு. அது கூலன்ட் பற்றிய கேள்வியில் வருகிறது.

கம்ப்ரஷன் சோதனைக்குச் சாதாரண கேஜ் போதுமா?

முழு விவரம் தராது. சாதாரண கேஜ் மூன்று முகங்களில் மிக அதிகமான அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வதால், இரண்டு முகங்கள் செத்திருந்தாலும் நல்ல எண்ணையே காட்டக்கூடும். ரோட்டரி எஞ்சினுக்கென்றே இருக்கும் சோதனைக் கருவி மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டி, செல்ஃப் மோட்டாரின் வேகத்தையும் பதிவுசெய்யும். அளவுகள் நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு ஈடாகத் திருத்தப்பட வேண்டும். நல்ல பேட்டரியால் செல்ஃப் வேகமாகச் சுற்றினால் எண் கூடும், தளர்ந்த பேட்டரியால் குறையும். ஆர்எக்ஸ்-8க்கு மஸ்டா தரும் குறைந்தபட்ச அளவு 680 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150 கிலோபாஸ்கலுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. பழைய எஞ்சின்களுக்கான குறைந்தபட்ச எல்லை இதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. அந்தந்தக் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி கிடைக்காத இடத்தில் காது உதவும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்துவிட்டு, ஒரு ரோட்டரின் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்றைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். பிளக் துளையிலிருந்து “புஸ், புஸ், புஸ்” என்று ஒரே சீராகக் காற்று வர வேண்டும். ஒரு புஸ் மட்டும் தளர்ந்து ஒலித்தால் அந்த முகத்தின் சைடு சீலோ கார்னர் சீலோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு காணாமல் போய் ஒன்று மட்டும் பலமாக வந்தால் அபெக்ஸ் சீல் உடைந்திருக்கிறது. ஒரு முனையின் சீல் அதன் இரு புறமுள்ள முகங்களுக்கும் பொது என்பதே காரணம். அப்படிப்பட்ட எஞ்சினில் உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறியிருக்க வாய்ப்பு மிக அதிகம். டர்போ உள்ள கார் என்றால் அத்துண்டு வெளியேறும் வழியில் டர்போவின் இறக்கைகளையும் பதம் பார்த்திருக்கும்.

“ஃபிளட் ஆகிவிட்டது, வேறொன்றும் இல்லை” என்று சொல்லப்படும் காரை நம்பலாமா?

உண்மையாகவும் இருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஓடவைத்துச் சில அடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், எரியாத பெட்ரோல் சீல்களின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் விழும், எஞ்சின் மறுபடி பிடிக்காது. எரிபொருளைத் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றிச் சுற்றி வெளியேற்றி, துளை வழியே சிறிது எண்ணெய் விட்டுப் புதிய பிளக் போட்டால் நல்ல எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இது ஒரு மதிய நேரத்தில் முடிகிற வேலை. அதைச் செய்யாமலே விற்பவர் காரை விற்கிறார் என்றால் விலையை ஓடாத எஞ்சினின் விலையாகவே பேசுங்கள்.

ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் சாவியைத் தொடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விட்டு, நேரம் கொடுத்து, முன்பக்க புல்லி போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகக் கையால் திருப்ப வேண்டும். இடப்புறம் திருப்பினால் அந்த போல்ட்டே தளரக்கூடும். அசையவே அசையாவிட்டால் உள்ளே துருவோ கரியோ இறுகியிருக்கிறது. நீளமான கம்பி மாட்டி முறுக்கி அதை விடுவித்துவிட்டதாக நினைப்பவர்கள் பெரும்பாலும் சீலை உடைத்திருப்பார்கள்.

எண்ணெய் குடிக்கிறது என்பது குறையா?

இல்லை. அபெக்ஸ் சீல்களுக்கு உயவு தருவதற்காகவே ஒரு சிறு பம்ப் எஞ்சின் ஆயிலை உள்ளே செலுத்துகிறது. அது எரிந்துபோகும்படிதான் வடிவமைப்பு. எண்ணெயே குறைவதில்லை என்று விற்பவர் பெருமைப்பட்டால்தான் கவலைப்பட வேண்டும். அந்தப் பம்பை அகற்றிவிட்டுப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுபவர்களும் உண்டு. அப்படிச் செய்யப்பட்டதா என்பதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். அறியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் விரைவில் தேய்ந்துவிடும்.

கூலன்ட் தொடர்பாக எதைப் பார்க்க வேண்டும்?

ரோட்டரி எஞ்சினில் இரும்புத் தகடு போன்ற பக்க ஹவுசிங்குகளும் அலுமினிய ரோட்டர் ஹவுசிங்குகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு நீண்ட போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே ஓடும் ரப்பர் வளையங்கள்தான் கூலன்ட்டை எரிப்பறைக்குள் வராமல் தடுக்கின்றன. ஒரே ஒரு முறை எஞ்சின் கடுமையாகச் சூடேறினாலும் அவை கெட்டுவிடலாம். குளிர்ந்த ஸ்டார்ட்டில் வெண்புகை, சில நொடிகள் ஒரு ரோட்டர் மட்டும் தட்டுத்தடுமாறி ஓடுதல், ஃபில்லர் மூடியைத் திறந்தால் நிற்காத குமிழிகள், கூலன்ட் மாயமாகக் குறைதல் ஆகியவை அறிகுறிகள். எஞ்சினைப் பிரிக்காமல் இதற்குத் தீர்வு இல்லை. கசிவடைக்கும் திரவங்களை ஊற்றியிருந்தால் ரேடியேட்டரையும் சேர்த்துக் கெடுத்திருப்பார்கள்.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம், இனிச் சூடேறாது” என்ற பேச்சைக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். இந்த எஞ்சின்களில் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் சூட்டில் திறக்கும்போது அதன் அடிப்பாகம் பைபாஸ் வழியை மூடுகிறது. அது இல்லாவிட்டால் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூடு கூடத்தான் செய்யும்.

உடலில் துரு எங்கே ஒளிந்திருக்கும்?

இதற்கு ஒரு காந்தம், ஒரு டார்ச், பழைய துணி, அழுக்காகத் தயங்காத மனம் ஆகியவை தேவை. முதல் தலைமுறையில் பின் சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழுள்ள நீளச் சட்டம், ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரித் தட்டின் அடிப்பாகம், முன் கண்ணாடியின் கீழ்ச்சட்டம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். காந்தத்தைத் துணியில் சுற்றிச் சக்கர வளைவின் மேல் நகர்த்தினால் பட்டி தடித்துப் பூசிய இடத்தில் பிடி தளர்வதைக் கை உணரும். கம்பளத்தைத் தூக்கித் தரையை அழுத்திப் பாருங்கள். ஈரம் ஊறிய ஃபெல்ட்டின் நாற்றமே பாதி விடையைச் சொல்லிவிடும். எஃப்டியில் துருவோடு விபத்து அடையாளங்களையும் தேட வேண்டும். சக்தி வாய்ந்த, எடை குறைந்த, பின்சக்கர இழுவைக் கார் என்பதால் அதில் பல கார்கள் ஒரு முறையாவது எங்கேனும் மோதியிருக்கும். முன் சேஸிஸ் தண்டுகளில் சுருக்கம், பானட் இடைவெளியில் ஒழுங்கின்மை, ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தெரியும் வெல்டு ஆகியவை அதன் தடயங்கள்.

சட்டகத்தின் மேல் பூசப்பட்ட புதிய கறுப்புப் பூச்சு எனக்கு எப்போதும் சந்தேகத்தையே தரும். விற்பனைக்கு முந்தைய வாரத்தில் அடிப்பாகத்துக்குக் கறுப்படிப்பவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எந்தத் தலைமுறை சுலபமானது?

எஃப்பி. கார்புரேட்டர், எளிய வயரிங், பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான அச்சு (லைவ் ஆக்சில்). ஒரு சாதாரணக் கருவிப்பெட்டியோடு பெரும்பகுதி வேலையைச் செய்துவிட முடியும். 12ஏ உள்ள சில கார்களில் கூலன்ட்டால் குளிரும் ஆயில் கூலர் எஞ்சின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அது உள்ளே கசிந்தால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எஃப்சியில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் அதற்கேற்ற வயரிங்கும் வந்துவிட்டன. பழைய வயர்களின் உறை சூட்டில் காய்ந்து, வளைத்தாலே நொறுங்கும் நிலையில் இருக்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில் (ரெயில்) அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் பல்ஸேஷன் டேம்பர் வயதாகிக் கசிந்து, எஞ்சினின் மேல் பெட்ரோல் சொட்டித் தீப்பிடித்த கார்கள் உண்டு. காரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் மாற்ற வேண்டிய பாகம் அதுதான்.

எஃப்டி அழகில் மற்ற எதற்கும் சளைத்ததல்ல, கோபத்திலும் அப்படியே. அதன் 13பி எஞ்சினில் இரண்டு டர்போக்கள் அடுத்தடுத்து இயங்குகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,500 சுற்றில் இரண்டாவது டர்போ சேர்கிறது. கோளாறில்லாத காரில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், 10 பிஎஸ்ஐயிலிருந்து 8க்கு இறங்கி மறுபடி 10க்கு ஏறும். இந்த மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாய்களின் சிக்கலைப் பார்த்த பின் பலர் ஒற்றை டர்போவுக்கு மாறிவிட்டார்கள். கூலன்ட்டிலுள்ள காற்றைப் பிரிக்கும் சிறிய பிளாஸ்டிக் தொட்டி வெடித்து எஞ்சின் போன கதைகளும் ஏராளம். உலோகத்தால் ஆன மாற்றுத் தொட்டி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கிடைப்பது போலத் தோன்றும். இக்னிஷன் காயில்கள் தளர்ந்து, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைத்து, அந்தச் சூடு எஞ்சினைத் தாக்கும் தொடர் அதில் வழக்கம். கம்ப்ரஷன் அறிக்கை இல்லாமல் அதை வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே மாற்றியமைக்கப்பட்ட காரை வாங்கலாமா?

பூஸ்ட்டைக் கூட்டியிருந்து, அதற்கேற்ற எரிபொருளும் இக்னிஷனும் சரியாக அமைக்கப்படாவிட்டால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) ஏற்பட்டு அபெக்ஸ் சீல் நொடியில் உடையும். பிஸ்டன் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும் நாக்கிங்கை ரோட்டரி பொறுக்காது. யார் டியூன் செய்தார், எஞ்சினைக் கட்டுப்படுத்த எந்த கணினி, எந்த இன்ஜெக்டர் என்பதற்கெல்லாம் காகிதம் இருந்தால் பரிசீலிக்கலாம். கழற்றிய அசல் பாகங்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தால் காரின் மதிப்பு கூடும். ரோட்டரியை எடுத்துவிட்டு வி8 பொருத்திய கார்கள் ஓட்டச் சிறந்தவையாக இருக்கலாம். ஆனால் அவை இந்தப் பக்கத்துக்கு உரியவை அல்ல.

எஞ்சினை நானே பிரித்துப் பூட்டலாமா?

பொறுமையும் அளவுகருவிகளும் இருந்தால் முடியும். ஃபிளைவீல் நட் 54 மி.மீ.; அதைக் கழற்ற ஃபிளைவீலைப் பூட்டி நிறுத்தும் தடுப்பும் நீண்ட நெம்புகோலும் தேவைப்படும். கழற்றும் ஒவ்வொரு சீலையும் எந்த ரோட்டர், எந்த முனை, எந்தப் பக்கம் என்று எழுதிய தனித்தனி உறையில் போடுங்கள். 1985 வரையிலான எஞ்சின்களில் அபெக்ஸ் சீல் 3 மி.மீ. தடிமன், பின் வந்தவற்றில் 2 மி.மீ. என்பதால் பாகங்களை மாற்றி வாங்கிவிடாதீர்கள். பக்க ஹவுசிங்கில் சைடு சீல் தேய்த்து உண்டாக்கிய பள்ளத்தின் ஆழம் 0.10 மி.மீ.க்கு மேல் இருந்தால் அந்த இரும்பை அப்படியே பயன்படுத்த முடியாது. புதிய சைடு சீலின் நுனியை அரத்தால் தேய்த்து, கார்னர் சீலுக்கும் அதற்கும் இடையே 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி வரும்படி செய்ய வேண்டும். ஒரு எஞ்சினுக்கு இப்படிப் பன்னிரண்டு சீல்கள். அவசரப்படுபவருக்கு ஏற்ற வேலை அல்ல.

பூட்டும்போது முன்பக்கத் தள்ளு பேரிங்கில் கவனம் தேவை. முன் போல்ட் தளர்ந்திருக்கும் வேளையில் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் சற்றே பின்னோக்கி நகர்ந்தாலும் அந்த ஊசி பேரிங் இடம் நழுவிக் கீழே இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் இறுக்கினால் பேரிங் நசுங்கும். இறுக்கிய பின் டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட்டின் முன்பின் அசைவை அளந்தால் 0.04க்கும் 0.07 மி.மீ.க்கும் இடையே இருக்க வேண்டும்; அதற்கு வெளியே இருந்தால் மறுபடி திறந்து பாருங்கள்.

உதிரிபாகங்கள் கிடைக்கின்றனவா?

சீல்கள், ரப்பர் வளையங்கள், கேஸ்கெட்டுகள் கொண்ட கிட் எளிதில் கிடைக்கிறது. எஃப்சி, எஃப்டி கார்களுக்கான சில பாகங்களை மஸ்டாவே மறுபடி தயாரித்து வருகிறது. நல்ல ரோட்டர் ஹவுசிங்குதான் அரிது. செலவில் பெரும்பங்கும் அதுவே. உள்பிளாஸ்டிக், கதவு ரப்பர், பின் கண்ணாடி, எழும்பித் தாழும் ஹெட்லைட்டின் மோட்டார் போன்றவற்றுக்கு இன்னொரு காரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே எஞ்சினில் குறையிருந்தாலும் பாகங்கள் முழுமையாக உள்ள காரும், எஞ்சின் நன்றாக இருந்து பாகங்கள் போன காரும் ஒரே விலைக்கு வந்தால் முதலாவதையே எடுங்கள்.

புதுப்பித்த எஞ்சினை எப்படி ஓட்ட வேண்டும்?

முதல் 1,600 கி.மீ. வரை சுற்றைக் குறைவாக வைத்து, பூஸ்ட் ஏற்றாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதல் ஆயில் மாற்றத்தைச் சீக்கிரமே செய்துவிடுங்கள். அதன் பிறகு இதற்கு நேர்மாறான பழக்கம் வேண்டும்: சூடேறிய எஞ்சினை அவ்வப்போது சிவப்புக் கோட்டுக்கு அருகே கொண்டுபோனால் கரி சேராது, சீல்கள் பள்ளங்களில் ஒட்டாது. காரை ஷெட்டுக்குள் இரண்டடி நகர்த்துவதற்கென்று ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் வெப்பமானியின் முள் நடுவுக்கு வரும் வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகு அணையுங்கள்.